மோட்சத்துக்கு எத்தனை எம்பி

உயிரோடு இருப்பவருக்கு அறுபத்து நான்கு எம்பி போதும். இறந்தவருக்குப் போதாது.

2002-இல் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் இருந்த ஹரிபாபு டிஜிட்டல் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நான் கற்றுக்கொண்டது இது. சித்தூரிலிருந்து வந்து இங்கே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் இதைச் சொல்லித் தரவில்லை. கல்லூரியில் கம்ப்யூட்டரையே தொடவிடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறையின் வாசலில் நின்று தரிசனம் செய்யலாம். அதற்கும் வரிசை உண்டு.

படம் திருத்தும் சாஃப்ட்வேர் எங்களுக்குச் சென்னையிலிருந்து தங்க நிற சிடியில் வந்தது. அதன்மேல் யாரோ மார்க்கரால் ‘64 எம்பி ராம் வேண்டும்’ என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் பொய் சொல்லவில்லை. சாஃப்ட்வேர் திறப்பதற்கு அவ்வளவு மெமரி போதும். திறந்த பிறகு ஏதாவது வேலை செய்ய வேண்டுமென்றால் அது தனி விஷயம். பெண் பார்க்கப் போவதற்கு பஸ் டிக்கெட் போதும், கல்யாணத்துக்குப் போதாது என்பது மாதிரி. திறந்திருக்கும் படம் எவ்வளவு பெரிதோ அதைப்போல ஐந்து மடங்கு மெமரி காலியாக இருக்க வேண்டும் என்பது தொழிலில் இருப்பவர்களின் கணக்கு.

ஸ்டுடியோ முதலாளி ஹரிபாபு அண்ணன் கீபோர்டில் இரண்டு வேலைகளைப் பதிந்து வைத்திருந்தார். எஃப்-2 அமுக்கினால் தோட்டம். மலையில் மொட்டை போட்டுக்கொண்டு அலிபிரி வழியாக இறங்கி வரும் குடும்பங்கள் நீலத் துணிக்கு முன்னால் நிற்பார்கள். படத்தில் அவர்களுக்குப் பின்னால் ரோஜாச் செடியும் நீரூற்றும் வந்துவிடும். எஃப்-5 அமுக்கினால் மோட்சம். அது கருமாதிக்குப் படம் போட வருபவர்களுக்கு. அந்த ஒரு விசைக்கு சாஃப்ட்வேர் வரிசையாக எல்லாம் செய்யும். முதலில் ஆளை ஒரு பூச்சு சிவப்பாக்கும். தழும்பு, பரு, மச்சம் எல்லாவற்றையும் துடைத்துவிடும். மோட்சத்தில் யாருக்கும் பரு கிடையாது. பிறகு காலரை வெளுக்கும். கடைசியாக ஆளுக்குப் பின்னால் மேகத்தையும், மேகத்தைக் கிழித்துக்கொண்டு வரும் வெளிச்சத்தையும் வைக்கும்.

தோட்டம் லேசு. மேகம் கனம். மேகத்திடம் வந்ததும் எங்கள் சிஸ்டம் திணறி நின்றுவிடும். சுட்டி மணல் கடிகாரமாக மாறும். ஆள் கழுத்து வரை வானத்தில் முங்கி, சிவந்த முகத்தோடு நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். மவுஸை ஆட்டினாலும் அசையமாட்டார். பிளக்கைப் பிடுங்குவதுதான் வழி.

எல்லோருக்கும் இப்படி ஆகாது என்பதுதான் விஷயம். வயதாகிச் செத்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு படம்தான் இருக்கும், ரேஷன் கார்டிலோ ஓட்டு அட்டையிலோ. ஸ்டாம்பு அளவுப் படம். அதற்கு மேகமும் ஸ்டாம்பு அளவுதான் தேவைப்படும். இரண்டு நிமிடத்தில் மோட்சம். பெரிதாக்கிச் சுவரில் மாட்டும்போது முகம் கலங்கித் தெரியும், ஆனால் செத்தவர் முகம் அப்படித்தான் இருக்கும் என்று யாரும் குறை சொல்வதில்லை. குவைத்துக்கும் பம்பாய்க்கும் போன இளவட்டங்கள் அப்படியில்லை. புறப்படும் முன் கூலிங்கிளாஸ், செண்ட், புதுச் சட்டை எல்லாம் போட்டு ஸ்டுடியோவில் போஸ்ட்கார்டு சைஸ் கலர் படம் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். வெளிநாட்டு வியாபாரத்துக்கு நாடு திறந்துவிட்டது என்று பேப்பரில் போட்ட பிறகு எங்கள் பக்கத்தில் முதலில் பெரிதானவை போட்டோக்கள்தான். தகவல் நின்று, செத்திருப்பார்கள் என்று வீட்டார் கொண்டுவரும் அந்தப் படங்களை ஸ்கேன் செய்து எஃப்-5 அமுக்கினால் சிஸ்டம் நின்றுவிடும்.

ஆக, செத்தவர்களை சிஸ்டம் எடுத்துக்கொண்டது. காணாமல் போனவர்களை எடுத்துக்கொள்ளவில்லை. இதற்குக் காரணம் போட்டோவின் அளவு என்பது எனக்கும் ஹரிபாபு அண்ணனுக்கும் தெரியும். வெளியில் வேறு காரணம் பரவியது.

பரப்பியது ஏர்பேட்டு சந்திரம்மா. அவள் மகன் வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன், மூன்று வருடமாகத் தகவல் இல்லை. ரயிலில் அடிபட்டுவிட்டான் என்று யாரோ சொல்லி, படம் போட வந்தாள். சிஸ்டம் நின்றது. நான் பிளக்கைப் பிடுங்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆப் பண்ணாத நைனா. பாத்துக்கினு கீறான் இல்ல."

அன்று காலை முதல் சாயங்காலம் வரை அவள் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மானிட்டர் எதிரில் உட்கார்ந்திருந்தாள். தூக்குச் சட்டியைத் திறந்து தின்றுகொண்டே அவனுக்கு ஊர்ச் செய்தியெல்லாம் சொன்னாள். எருமை கன்று போட்டது, கிடாரிக் கன்று. எதிர்வீட்டுக்காரன் வரப்பை நகர்த்திவிட்டான். நீ சாப்பிட்டியா. வெளியே மொட்டைத் தலைக் குடும்பங்கள் தோட்டத்துக்காகக் காத்திருந்தன. ஹரிபாபு அண்ணன் அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். கரண்ட் போய் மகனும் போனபோது அவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, "வந்துருவான்" என்றாள். அடுத்த மாதமே அவன் பம்பாயிலிருந்து பக்கத்து வீட்டு போனுக்குப் பேசினான்.

அதன் பிறகு யாரும் எங்களைப் போட்டோ ஸ்டுடியோவாக நினைக்கவில்லை. போனவர்களைப் பற்றித் தகவல் இல்லாதவர்கள் வந்தார்கள். எஃப்-5 அமுக்கச் சொன்னார்கள். சிஸ்டம் நின்றதும் கும்பிட்டார்கள். சிலர் மானிட்டருக்குப் பூ வைத்தார்கள். வேலை முடியாததால் படத்துக்குக் கூலியும் வாங்க முடியவில்லை. திருப்பதியில் காணிக்கை வராத ஒரே தெய்வம் எங்கள் சிஸ்டம்தான்.

இதையெல்லாம் கல்லூரி ஹாஸ்டலில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லமாட்டேன். ஒருவர் நின்றுபோய், பிளக்கைப் பிடுங்கி, மறுபடி போட்டு, அடுத்தவரின் படத்தைத் திறக்கும்போது, கண் இமைக்கும் நேரத்துக்குத் திரையில் முந்தையவரின் முகத்திலிருந்து ஒரு பட்டை வந்து போகும். ஒரு புருவம், ஒரு காது, மீசையில் பாதி. வீடியோ கார்டு பழையதைத் துடைக்க நேரம் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தெரிந்திருந்தும், கடையில் தனியாக இருக்கும்போது நான் கதவைத் திறந்தே வைத்திருப்பேன்.

இப்படியே போனால் கடையை மூடிவிட்டு உண்டியல்தான் வைக்க வேண்டும் என்று ஹரிபாபு அண்ணன் சென்னைக்குப் போய் 256 எம்பி மெமரி வாங்கி வந்து பொருத்தினார். பழையதும் புதியதும் சேர்த்து முந்நூற்றிருபது. இனிமேல் யாரை வைத்தாலும் மோட்சம் கிடைக்கும்.

அதற்கு மறுநாள் பிச்சாட்டூரிலிருந்து யமுனா அக்கா வந்தாள்.

கூட வந்தவர் முனிரத்தினம், அவள் புருஷனின் அண்ணன். நல்ல உயரம், தோளில் துண்டு, பேசும்போது எதிராளியைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பார். அவர் தம்பி கிருஷ்ணப்பா குவைத்துக்குப் போய் நான்கு வருடம். முதல் வருடம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. போன மாதம் ராஜம்பேட்டைக்காரன் ஒருவன் திரும்பி வந்து ஒரு செய்தி சொல்லியிருக்கிறான். பாலைவனத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நம் பக்கத்து ஆள் ஒருவர் இறந்துவிட்டார், அங்கேயே புதைத்துவிட்டார்கள். பேர் அவனுக்குத் தெரியாது.

"மீசை வெச்சிருந்தாராம்" என்றார் முனிரத்தினம் சுவரிடம்.

"மீசை எல்லாருக்கும் இருக்குது" என்றாள் யமுனா.

"எம்பொண்ணுக்கு வரன் வந்துக்கினே கீது தம்பி. வர்றவன் மொதல்ல கேக்கறதே, உங்க தம்பி இருக்காரா இல்லியான்னுதான். இருக்கான்னா எங்கன்றான். இல்லன்னா எப்பன்றான். நான் இன்னா சொல்றது? வர்ற அமாவாசைக்குக் கருமாதி வெச்சாச்சு. யமுனா ஒத்துக்கமாட்டேன்னுச்சு. கடசீல, திருப்பதில ஒரு பொட்டி இருக்குதாமே, அது எடுத்துக்கினா நான் தாலிய கழட்டறேன், எடுத்துக்கலன்னா கருமாதின்ற பேச்சே எடுக்கக்கூடாதுன்னுச்சு. சரின்னு இட்டாந்தேன்."

சொல்லிவிட்டு பீடி குடிக்க வெளியே போனார். ஹரிபாபு அண்ணன் கல்லாவில் ஒரு மொட்டைக் குடும்பத்துக்கு லேமினேஷன் பற்றித் தெலுங்கில் விளக்கிக்கொண்டிருந்தார். யமுனா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவரில் போட்ட கார்டு சைஸ் படத்தை எடுத்தாள். கிருஷ்ணப்பா கருப்பாக, முன்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். இடது புருவத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு தழும்பு.

நான் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, இது நிக்கறதுக்கும் ஆள் இருக்கறதுக்கும் சம்பந்தம் இல்ல. போட்டோ பெருசா இருந்தா மெமரி போதாது, நின்னுரும். அவ்ளோதான்."

"தெரியும் தம்பி. நின்னவங்க எல்லாம் பெரிய போட்டோவா எடுத்தாந்தவங்கதான். கேட்டுக்கினுதான் வந்தேன்."

"அப்பறம் ஏன் வந்தீங்க?"

"மூணு வருசமா நான் சொல்றேன், அவரு இருக்காருன்னு. யாரு காதுலயும் ஏறல. பொட்டி சொன்னா ஏறுது. எனக்காகச் சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும் இல்ல, அது பொட்டியா இருந்தா இன்னா?"

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு, "நேத்து புது மெமரி போட்டாச்சு அக்கா. இன்னிக்கு இந்தப் போட்டோவ வெச்சா எடுத்துக்கும்" என்றேன்.

அவள் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தாள். முனிரத்தினம் பீடியைப் பாதியில் அணைத்துக் காதில் செருகிக்கொண்டிருந்தார்.

"அதக் கழட்ட முடியாதா?"

"அண்ணன் பாத்துக்கினு இருக்காரு. ஆனா போட்டோவ ரொம்பப் பெருசா ஸ்கேன் பண்ணலாம்."

"பண்ணு."

நான் இளகிய மனசுக்காரன் அல்ல. ஆனால் ஒரு பெண்ணின் தாலியை எஃப்-5 விசையால் கழற்றுவது எனக்கு ஒத்துவரவில்லை. வழக்கமாக அங்குலத்துக்கு முந்நூறு புள்ளியில் வைக்கும் ஸ்கேனரை ஆயிரத்து இருநூறில் வைத்தேன். படம் நூறு எம்பிக்கு வரும். ஐந்து மடங்கு ஐந்நூறு. எங்களிடம் இருப்பது முந்நூற்றிருபது. கல்லூரியில் வாங்கிய எந்த மார்க்கைவிடவும் இந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இருந்தது.

முனிரத்தினம் உள்ளே வந்து அவள் ஸ்டூலுக்குப் பின்னால் நின்றார். நான் எஃப்-5 அமுக்கினேன்.

கிருஷ்ணப்பா சிவக்க ஆரம்பித்தார். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு பட்டையாக. நெற்றி சிவக்கவே டீ குடிக்கும் நேரம் ஆனது. பிறகு தழும்பு போயிற்று. புருவம் சேர்ந்துகொண்டது. கன்னத்துக் குழி நிரம்பியது. காலர் வெளுத்தது. மணல் கடிகாரம் வந்தது.

"நின்னுச்சு" என்றாள் யமுனா.

நின்றுதான் இருந்தது. நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். முனிரத்தினம் குனிந்து பார்த்தார். சிஸ்டத்தின் அடியில் டிஸ்க் கரகரவென்று ஓடும் சத்தம் கேட்டது, யாரோ உள்ளே மண்ணை வாரிக்கொண்டிருப்பது போல. வழக்கமாகச் சற்று நேரத்தில் அந்தச் சத்தம் அடங்கிவிடும். அன்று அடங்கவில்லை. மொட்டைக் குடும்பத்தின் குழந்தைகூட வாயில் லட்டோடு திரையைப் பார்த்தது.

பிறகு இடது மூலையில் மேகம் வந்தது.

அவர் தோளுக்குப் பின்னால் வந்தது. கழுத்தைச் சுற்றியது. வெளிச்சம் இறங்கியது. அதுவரை எந்தப் பெரிய போட்டோவும் தாண்டாத கழுத்தைத் தாண்டி மேலே ஏறி, தலைக்கு மேல் மூடிக்கொண்டது. மணல் கடிகாரம் அம்புக்குறியாக மாறியது. அவ்வளவு துல்லியமான மோட்சத்தை அந்தக் கடையில் நான் பார்த்ததில்லை. மீசையின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது.

ஹரிபாபு அண்ணன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். "நேத்தே டிஸ்க்ல இருந்த குப்பையெல்லாம் தொடச்சிட்டேன்டா. மெமரி பத்தலன்னா அது டிஸ்க்ல எடம் எடுத்துக்கும். இத்தன நாள் எடம் எங்க இருந்துச்சு? நின்னுபோனவங்க விட்டுட்டுப் போன பாதிப் பாதிப் படம்தான் ரொம்பி இருந்துச்சு."

அதாவது, முன்பு போனவர்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் போக முடியவில்லை. என் கணக்கில் இது விட்டுப்போயிருந்தது.

முனிரத்தினம் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். "எடுத்துக்கிச்சு" என்றார். ஜெயித்தவர் குரல் மாதிரி இல்லை அது. "வா யமுனா. பஸ்ஸுக்கு நேரம் ஆவுது."

அவள் எழுந்திருக்கவில்லை. திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். அந்த வெளிச்சம் அவள் நெற்றிப் பொட்டின்மேல் விழுந்தது.

"மாமா, இது யாரு?"

"யாரா?"

"அவர எடுத்துக்கினா கழட்டறேன்னு சொன்னேன். இவரு யாரு?"

முனிரத்தினம் சுவரை விட்டுவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார். இடது புருவத்தைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. விரலை நீட்டிக் கண்ணாடியைத் தொட்டார்.

"நான் பண்ணது. சின்னதுல. கில்லி ஆடும்போது. ரத்தம் நிக்கவே இல்ல" என்றார்.

"அது டச்சப்புல போயிருக்கும் சார்" என்றார் ஹரிபாபு அண்ணன். "ஆட்டோமேட்டிக். வேணும்னா திருப்பி வெச்சுரலாம், ரெண்டு நிமிசம். பர்லேது, ஒண்ணும் கஷ்டமில்ல."

"வேணாம்."

"நெறமும் கொறச்சிக்கலாம் சார்."

"வேணாம்பா, விடு."

முனிரத்தினத்துக்கு எல்லாம் புரிந்திருந்தது. படத்தில் இருப்பது தன் தம்பி என்பதும், துடைத்தது சாஃப்ட்வேர் என்பதும் அந்த இடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் நால்வரும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்க்கப் பார்க்க அது கிருஷ்ணப்பாவாக இல்லை. எந்த ஊரோ, யார் பெற்ற பிள்ளையோ, சிவப்பாக, தழும்பில்லாமல், மீசையோடு ஒருவர் உள்ளேயிருந்து எங்களைப் பார்த்தார். வந்து வெகு நேரமாகியும் யாரும் உட்காரச் சொல்லாத ஆள் மாதிரி.

"பாலைவனத்துல போனாரே ஒருத்தரு, அவராத்தான் இருக்கும்" என்றாள் யமுனா. "அவருக்கு யாரு பண்ணுவாங்க மாமா? அவங்க வூட்டுக்குச் சேதியே போயிருக்காது."

முனிரத்தினம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். என்னிடம், "பிரிண்ட் போடு தம்பி. பெருசா" என்றார். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அமாவாசையன்று கண்ணாடி போட்ட ஃபிரேமைப் பேப்பரில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு புத்தூர் வழியாக பஸ்ஸில் பிச்சாட்டூருக்குப் போனேன். கண்ணாடி உடையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு என்று ஹரிபாபு அண்ணன் சொல்லியிருந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் பேப்பர் விலகி ஒரு கண் தெரிந்தது. பக்கத்து சீட்டுக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார்.

வீட்டில் யமுனா அக்காவைப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. தலை நிறையப் பூ, முகம் நிறைய மஞ்சள், கை நிறைய வளையல். தாலி அறுப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை அப்படி அலங்கரிப்பார்களாம். சுற்றியிருந்த பெண்கள் அவளுக்குப் பூ வைத்துக்கொண்டே அழுதார்கள். அவள் அழவில்லை. அவள் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் சின்னப்பன் வெள்ளைக் கோடிச் சேலையை மஞ்சள் பையில் கொண்டுவந்து முழங்காலில் வைத்திருந்தான். படத்தில் இருப்பது வேறு ஆள் என்ற பேச்சை முனிரத்தினம் யாரிடமும் எடுத்திருக்கவில்லை என்று தெரிந்தது. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் ஒரு டிராக்டர் டிரெய்லரில் ஏறி உட்கார்ந்து ஆரணியாற்று அணைக்கரைக்குப் போனோம். ஃபிரேமை நடுவில் வைத்தார்கள். கரையில் மூன்று செங்கல் நட்டு, படத்தை அதற்குப் பின்னால் சாய்த்து, மாலை போட்டார்கள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. சடங்கு செய்ய வந்த ரங்கையா பாதி தமிழும் பாதி தெலுங்குமாகப் பேசுகிறவர். முனிரத்தினத்தைத் தண்ணீரில் முங்கி எழச் சொல்லி, கையில் எள்ளும் அரிசி உருண்டையும் கொடுத்தார்.

"பேரு செப்பண்டி."

முனிரத்தினம் ஈர வேட்டியோடு நின்றார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"போயினவாரு பேரு சொல்லுப்பா" என்றார் ரங்கையா மறுபடி.

பெண்கள் யமுனாவை நெருங்கி வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அவள் வளையல் கையைப் பிடித்தாள். பேர் சொன்னதும் உடைக்க வேண்டும். சின்னப்பன் பையின் வாயைப் பிரித்தான். இரண்டு நிமிட வேலை, நல்லவேளை தழும்பைத் திருப்பி வைக்கவில்லை. வைத்திருந்தால் இந்த ஆளுக்கு யோசிக்கவே இடம் இருந்திருக்காது.

"பேரு தெரியாது சாமி."

"தம்பி பேரு தெலீதா?"

"தம்பி பேரு தெரியும். கிருஷ்ணப்பா. இது அவனுக்கு இல்ல."

"மரி எவரிகி? யாருக்குப்பா பண்றோம்?"

"போட்டோல கீறாரே, அவருக்கு. குவைத்துல ஆடு மேச்சிக்கினு இருந்தாரு. போய்ட்டாரு. பேரு தெரியல."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சின்னப்பன் எழுந்து வந்தான். "இன்னா மாமா பேசற? கோடி எடுத்தாந்து கீறோம். ஊருக்கே சொல்லியாச்சு."

"பையிலயே இருக்கட்டும்பா."

"போட்டோல கீறது கிருஷ்ணப்பாதான்டா" என்றாள் ஒரு கிழவி.

"கிட்ட போய்ப் பாரு அத்த. புருவத்துல தழும்பு இருக்குதா?"

அவள் போய்க் குனிந்து பார்த்தாள். பிறகு ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வந்த ஒருத்தி, வேற்று ஆள் முன்னால் நிற்பவள் போலத் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டாள். யமுனாவின் கையைப் பிடித்திருந்த பெண் அதை விட்டுவிட்டாள்.

"நாளைக்கு உம்பொண்ண பாக்க வர்றவன் கேப்பானே" என்றான் சின்னப்பன். கோபம் இறங்கியிருந்தது.

"கேட்டா, இருக்கான்னு சொல்லுவேன். எங்கன்னா, குவைத்துலன்னு சொல்லுவேன்." முனிரத்தினம் ரங்கையாவிடம் திரும்பினார். "வெய்ங்க சாமி. எங்க வூட்டு ஆள் இல்ல. ஆனா எங்ககிட்டதான் வந்து கீறாரு."

ரங்கையா சிறிது யோசித்தார். பேர் இல்லாதவருக்கு அவர் முன்பும் செய்திருக்க வேண்டும், அல்லது வெயில் ஏறுகிறதே என்று நினைத்திருக்க வேண்டும். "சரே, ஊரு?" என்றார்.

"குவைத்து."

அவர் மந்திரத்தில் அந்த இடத்தில் குவைத்து என்று சொன்னார். முனிரத்தினம் உருண்டையைத் தண்ணீரில் விட்டார். அது மிதக்கவில்லை, யாரோ கீழேயிருந்து வாங்கிக்கொண்டது போல நேராக இறங்கிப் போனது. யமுனா அக்கா முன்னால் வந்து, வளையல் கையால் மூன்று தடவை தண்ணீர் அள்ளி விட்டாள். தாலி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

எல்லோரும் டிரெய்லரில் ஏறினோம். வந்தவர்கள்தான் திரும்பினோம், புதிதாக ஒருவரும் சேரவில்லை. ஃபிரேமை முனிரத்தினம் மடியில் வைத்துக்கொண்டதால் நடுவில் இடம் கூடுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் உட்கார்ந்து பார்த்தபோது இடம் போதவில்லை. சின்னப்பன் ஒரு காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டான். நான் நின்றுகொண்டேன். டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டார்.

யமுனா அக்கா பூவைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆச்சு, போப்பா" என்றாள்.